மூன்றாவது இஞ்செக்டரின் சத்தம்

7 நவம்பர் 2006, செவ்வாய்

காலையில் எங்கள் வேன் ஓடும்போது குலுங்கியது. தண்டையார்பேட்டை பட்டறைக்கு டிரைவரோடு நானும் போனேன். கண்ணால் பார்க்காமல் எதையும் மாற்ற நான் சம்மதிப்பதில்லை.

மெக்கானிக் காதர் ஓடுகிற எஞ்சினில், எரிபொருளைப் பீய்ச்சும் ஒவ்வொரு இஞ்செக்டர் மேலும் நீண்ட ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியை என் வலது காதில் வைக்கச் சொன்னார். போன கோடையிலிருந்து அந்தக் காது கேட்பதில்லை. மகனுக்குத் தெரிந்தால் என்னைத் தனியாக இருக்க விடமாட்டான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பிடி காதுக்குப் பின்னால் எலும்பில் பட்டது. டிக், டிக் என்று தெளிவாகக் கேட்டது. மூன்றாவதில் மட்டும் சத்தமே இல்லை.

காதர் மீட்டர் வைத்துப் பார்த்தார். "இஞ்செக்டர் சாவலம்மா, சோக்கா கீது. உப்புக் காத்துல ஒயர் முனை பச்சை பூத்துகினு கீது. கரண்ட் போவல, அவ்ளோதான்." சுரண்டிச் செருகியதும் அதுவும் டிக்கென்றது. என் வலப்பக்கம் நின்று அவர் ஏதோ கேட்டார்; காதில் விழாமலே தலையாட்டினேன்.

பிறகு டிரைவர் இல்லாத நேரம் பார்த்து என் எதிரே வந்து நின்றார். "எங்கம்மாவும் இப்படித்தான், கேக்காமலே தலைய ஆட்டிகினு இருந்துச்சு. காது டாக்டராண்ட போய்ட்டு வாங்கம்மா."

"வேனைப் பாருங்க காதர்."

"பாத்தாச்சும்மா. அதான் உங்களையும் பாத்தேன்."

கோபம் வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது என் கணவரின் கைக்கடிகாரத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவர் போன பிறகு சாவி கொடுத்ததே இல்லை. கொடுத்து, வலது காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன். ஓடுகிறது, எனக்குக் கேட்கிறது. அந்த இஞ்செக்டரைப் போலக் காதும் சாகவில்லை போலிருக்கிறது. நாளை டாக்டரிடம் போகிறேன். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.