பகல் ஷிப்ட் கேட்காதவள்

சங்கச் செயலாளர் அவர்களுக்கு, அவருடைய வீட்டு உறுப்பினர் எழுதுவது.

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கப் போவதில்லை. பல நாட்டுக்காரர்கள் கூடி இரவு வேலை பார்ப்பவர்களுக்கு ஒப்பந்தம் எழுதும் இடத்தில் இரண்டும் ஒழுங்காக நடக்காது. இங்கே குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. உங்கள் அம்மா வந்திருக்கிறார். சமையலில் உப்பு வழக்கம்போல் தாராளம்.

அம்மா ஏன் வந்தார் என்று யோசிப்பீர்கள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் குழந்தை தங்கவில்லை. போன வாரம் இரவு ஷிப்டில், ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுக்கும்போது வலி வந்தது. கூட வேலை பார்க்கும் பெரியக்காதான் என்னைத் தாங்கிப் பிடித்து மாடியில் வார்டுக்குக் கொண்டுபோனாள். மருத்துவமனைத் துணியைத்தானே வெளுக்கிறோம், டாக்டர் தூரமில்லை. ஆனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெண் குழந்தை.

எங்கள் சலவைக்கூடத்தில் கர்ப்பமாக இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏப்ரன் கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுகிறவள் ஒரு சுற்றுக்கு வந்தால், மற்றவர்கள் புரிந்துகொண்டு அவள் பங்குக் கனத்தையும் தூக்குவார்கள். எனக்கும் தூக்கினார்கள். அன்றைக்குப் பார்த்து ஆள் குறைவு.

மேற்பார்வையாளர் முன்பே கேட்டார், "செயலாளர் வீட்டம்மா, உங்களைப் பகலுக்கு மாத்திடட்டுமா" என்று. நான்தான் வேண்டாம் என்றேன். நம் வீட்டுக்கு மட்டும் சலுகை என்றால் சங்கத்தில் பேச்சு வரும், ஒப்பந்தத்தில் எல்லோருக்கும் வரட்டும் என்று நீங்கள் சொன்னது அப்போது எனக்கும் சரியாகப் பட்டது. இப்போது படவில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. என் மேலும்தான்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கர்ப்பிணிகளுக்குப் பகல் வேலை என்ற பிரிவை முதலாளிகள் தரப்பு ஏற்கவில்லை, அதை விட்டுக்கொடுத்தால் இரவுப் படி கூடுதலாகக் கிடைக்கும், எதைப் பிடிப்பது என்று புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே, குழந்தைக்குப் பெயர் யோசித்து வை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன்.

உடனே கிளம்பி வந்துவிடாதீர்கள். வந்து பார்க்க என்ன இருக்கிறது, ஏப்ரன் கயிறு எனக்குப் பழையபடி இரண்டு சுற்று வரும், அவ்வளவுதான். அந்தப் பிரிவு பேச்சுக்கு வரும் நாளில் அங்கே இருங்கள். என் கதையைச் சொல்லி அழ வேண்டாம். விட்டுக்கொடுக்க மட்டும் கூடாது. எங்கள் கூடத்துச் சின்னவள் ஒரு சுற்றுக்கு வந்துவிட்டாள் என்று பெரியக்கா சொன்னாள். பகல் ஷிப்ட் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தயங்கினால் செயலாளர் பெயரைச் சொல்லியே கேட்கட்டும் என்றேன். பேச்சு வந்தால் வரட்டும்.

வேலையை முடித்துவிட்டு வாருங்கள். பெயர் யோசிக்க வேண்டாம். நானே ஒன்று வைத்து, காதில் சொல்லித்தான் அவளை அனுப்பினேன். அதைக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை, நேரில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்லபடியாக இருங்கள். கொஞ்சமாவது தூங்குங்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
வீட்டு உறுப்பினர்