பனையடி ஒழுங்கையின் நன்றி

செவ்வாய். காலையிலேயே புழுக்கம்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

முன்னாள் மாகாண அமைச்சர் செத்து இரண்டு கிழமை. (இனி மு.அ. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) எங்கள் ஒழுங்கை முகப்பில், சந்து தொடங்கும் இடத்தில், பெரிய பனர். சிரித்த முகம். கீழே: ‘எமக்குக் குடிநீர் தந்த பெருமகனுக்குக் கண்ணீர் அஞ்சலி. பனையடி ஒழுங்கை மக்கள்.’

எந்த மக்கள்? குழாய் சந்திவரை வந்து நின்றுவிட்டது. எங்களுக்கு இன்றும் பவுசர் லொறியில் வரும் தண்ணீர். அதுவும் வந்தால்.

கட்டியவன் மு.அ.வின் கட்சிக்காரன் ரஞ்சன். பிடித்துக் கேட்டேன்.

“ஆரைக் கேட்டு எங்கடை பேரைப் போட்டனீ?”

“எல்லா ஒழுங்கையும் போட்டிருக்கு மாஸ்டர். உங்கடை மட்டும் இல்லாட்டி வடிவில்லை.”

வடிவாம்.

புதன். மழை இருட்டு. பெய்யவில்லை.

வாங்கியவை: சவர்க்காரம், சைக்கிள் டியூப். மறந்தது: மனைவி கமலாவின் மருந்துக் குளிசை. வீட்டில் ஏச்சு.

பிரதேச சபைக் கந்தோருக்குப் போனேன். குழாய் கேட்டு ஒழுங்கையார் கொடுத்த மனு என்னவாயிற்று? கிளாக்கர் தன் போனில் அந்தப் பனரின் படத்தைக் காட்டினார்.

“தண்ணி தந்தவரெண்டு நீங்களே போட்டிருக்கிறியள். பிறகென்ன முறைப்பாடு?”

“உது நாங்கள் போட்டதில்லை.”

“அப்ப கழட்டுங்கோவன்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியமுன் செத்தவரின் படத்தைக் கழற்றுவதா? இந்த ஊரிலா? அது தெரிந்துதான் சொல்கிறார்.

வியாழன்.

நியாயமாகவே எழுதுகிறேன். ஆமி பிடித்துவைத்த எங்கள் காணிகளை விடச் சொல்லி காம்ப் வாசலில் வெயிலில் நின்றவர் மு.அ.தான். வேறெவனும் வரவில்லை. அவர் நின்றிராவிட்டால் நாங்கள் இன்னும் வாடகை வீட்டில். ஆஸ்பத்திரிக்குப் பிரசவ விடுதியும் அவர் முயற்சி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தேர்தலில் எங்கள் ஒழுங்கை அவருக்கு வோட்டுப் போடவில்லை. குழாய் நின்றது அதற்குப் பிறகு. கூட்டத்தில் எழும்பி ஏன் என்று கேட்டேன்.

“மாஸ்டருக்குக் கடல்காத்துத் தேவை போலை” என்றார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த தவணை எனக்குத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். தினமும் வள்ளம். எனக்கு வரவேண்டிய அதிபர் கதிரை அவர் மச்சானுக்கு. மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

வெள்ளி. நல்ல வெயில்.

கழற்ற மாட்டேன். பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவேன். எழுதியாயிற்று: ‘காணி மீட்டுத் தந்தார். நன்றி. தண்ணீர் தரவில்லை. குழாய் சந்தியோடு நிற்கிறது. வந்து பாருங்கள்.’ கீழே என் பெயர், பட்டம் எல்லாம்.

கமலா வாசித்தாள்.

“எல்லாம் சரி. பேரைக் கண்டால் மாஸ்டரின்ரை பழைய கோவமெண்டு கதைச்சே முடிச்சுப்போடுவினம். தண்ணியை ஒருத்தரும் பாக்க மாட்டினம்.”

கோபம்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் அவள் சொன்னது சரி. பெயரை வெட்டிவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

பசை காய்ச்சியாயிற்று. நாளைக் காலை பவுசருக்கு ஒழுங்கையே வாளியோடு வந்து நிற்கும். அப்போதுதான் ஒட்டுவேன். எவன் ஒட்டுகிறான் என்று எல்லோரும் பார்க்கட்டும். தாளில் பெயர் கிடையாது.