நுவேயை நான் நம்பாத மாதங்கள்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ உருவாக்கிய கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி இப்போது என் கையில் இருக்கிறது. நன்றாக நடக்கிறது என்று எழுத ஆசைதான். உன்னிடம் எப்படிப் பொய் சொல்வது?

பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளிநாடு கிளம்புகிறார்கள். பதினொரு பேரை எப்படியோ நிறுத்திவிடுகிறேன். ஒருத்திக்குக் கால் பிசகினால் இறக்க ஆள் வேண்டாமா? அதற்காகத்தானே நோய்ப்படுக்கையிலிருந்தே போன் போட்டு, பசுந்தாங் பேட்டை அணியின் மாற்று கோல்கீப்பரான பர்மியப் பெண் மா நுவேயை நம் கல்லூரிக்குக் கொண்டுவந்தாய்.

உன்னை அடக்கம் செய்த மறுமாதமே நம் மாலாவும் ரோசியும் பசுந்தாங் அணிக்குப் போய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு நுவே மேல் சந்தேகம். ஆள் பிடிக்க அங்கிருந்து அனுப்பியிருப்பார்களோ? பயிற்சி முடிந்தால் ஓரமாகப் போய் போனில் பேசுவாள். நான் பக்கத்தில் போனால் வைத்துவிடுவாள். ஒருநாள் அவள் திரையில் மாலாவின் பெயரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவளை ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை.

போன வாரம் பசுந்தாங்கோடு ஆட்டம். பாதியில் நம் கோல்கீப்பர் தேவிக்கு விரல் முறிந்தது. நுவே கையுறை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தடுப்பாட்டக்காரி ஒருத்தியைக் கோலில் நிறுத்தினேன். மூன்று கோல் வாங்கினோம். அதில் இரண்டு மாலா அடித்தது. நம்மிடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அதே மாலா.

ஆட்டம் முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நுவேயை ஏன் இறக்கல?"

"அவதானே உங்களை அங்க இழுத்தது?"

அவள் முகம் மாறிவிட்டது. "எங்களைப் போகச் சொன்னது ஸ்டெல்லா அக்கா. அப்ப இங்க முன்வரிசைக்கு ஆறு பேர், கோலுக்கு ஒருத்திதான். 'நீங்க ரெண்டு பேரும் அங்க போனா எல்லா ஆட்டமும் ஆடலாம், பதிலுக்கு நுவே இங்க வருவா'ன்னாங்க. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம்."

"அப்ப நுவே உன்கிட்ட போன்ல என்ன பேசுவா?"

"நீங்க அவளை நம்பலன்னு, பசுந்தாங்குக்கே திரும்பி வந்துடவான்னு கேட்டு அழுவா, டீச்சர்."

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? சொல்ல நேரம் இல்லையா? இல்லை, சொன்னால் தடுப்பேன் என்று பயந்தாயா? தடுத்துத்தான் இருப்பேன். இன்னும் என்னென்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய்? பார், இப்போது உன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நுவேயைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் பர்மியத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "டீச்சர், சனிக்கிழமை நான் ஆடலாமா?"

ஆடுவாள், அக்கா. எத்தனை கோல் விட்டாலும் நடுவில் வெளியே எடுக்க மாட்டேன். இனி யார் மேல் சந்தேகம் வந்தாலும் நேரில் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியாமல் போய்விட்டது.

தின்கன்ஜூனிலிருந்து,
உன் கூடப்பிறந்தவள்
பிலோ