ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ்

கேப் பிரெட்டன்,
ஆகஸ்ட் ஒன்பது.

அன்புத் தங்கை எஃபிக்கு,

அக்கா ரொடீனா எழுதுவது. வான்கூவரில் நீயும் கிரஹாமும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. அப்பா ஏதோ இருக்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது, அதற்குக் காரணம் நீ.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. மின்னஞ்சல் என்றால் அதை நீ உன் ஆய்வுக் குழுவுக்கு அனுப்புவாய், அவர்கள் எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு அனுப்புவார்கள், அப்புறம் என் தலை உருளும். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு லாபத்துக்காகவே, லீவு நாளில், துவைக்க வேண்டிய துணியெல்லாம் கூடையில் கிடக்க, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் அச்சாகாத உன் ஆய்வுக் கட்டுரையின் நகல் வந்து சேர்ந்தது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் எல்லோருக்கும் முன்னால் இருப்பதை அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சீட்டாட வந்த கூட்டாளிகள் எல்லோருக்கும் காட்டினார். அவர்களில் ஒருவருக்கும் ஒரு வரி புரியவில்லை, ஆனாலும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ரம் ஊற்றிக் குடித்தார்கள். எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமை ஐந்தாம் பக்கம் வரைக்கும் இருந்தது.

ஆபரேஷன் ஆனவர்கள் இருக்கும் வார்டில் ஒரு நர்சுக்கு நான்கு நோயாளிகள் என்றிருப்பதை ஆறாக்கினாலும் நிமோனியா கூடவில்லை, படுக்கைப் புண் கூடவில்லை, கீழே விழுந்தவர்கள் கூடவில்லை, சாவு கூடவில்லை. இதுதானே நீ கண்டுபிடித்தது? நான்கையே வைத்துக்கொண்ட ஹாலிஃபாக்ஸ் பக்கத்து ஆஸ்பத்திரியைவிட எங்கள் வார்டு கொஞ்சம் மேல் என்றுகூட எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். எஃபி, நீ பொய் எழுதவில்லை. நாங்கள்தான் உன்னை ஏமாற்றிவிட்டோம், ஏமாற்றுகிறோம் என்று தெரியாமலே.

நடந்ததைக் கேள். ஜனவரியில் உன் ஆய்வு தொடங்கிய முதல் வாரமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆறு பேரை ஒருத்தியால் பார்க்க முடியாது. மாத்திரை கொடுக்கலாம், ஊசி போடலாம், கட்டு மாற்றலாம். அதெல்லாம் செய்தோம் என்று டிக் அடிக்கிற வேலை. ஆனால் வயிற்றை அறுத்த மனிதரை மறுநாளே எழுப்பி உட்காரவைத்து, தையல் மேல் தலையணையை அழுத்திப் பிடித்து இருமச் சொல்லி, அவர் திட்டுகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடத்திக் கூட்டிப்போக வேண்டுமே, அதற்கு நேரம் எங்கே? அதைச் செய்யாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். இது உனக்குத் தெரியாததா? பட்டம் வாங்கப் போவதற்கு முன்னால் நீயும் இரண்டு வருடம் நர்சாக இருந்தவள்தானே.

எங்கள் வார்டு நர்ஸ் தெரேசா ஆன்தான் ஆரம்பித்து வைத்தாள். பனியில் மாட்டிய உன் காரை ஒரு தடவை தனியாளாகத் தள்ளிவிட்டாளே, அவளேதான். ஷிப்ட் முடிந்து சீருடையைக் கழற்றிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு டப்பா ஓட்ஸ் பிஸ்கட்டோடு திரும்ப மேலே வந்தாள். அது பார்வையாளர் நேரம். பார்க்க வருகிறவர்கள் நோயாளியை நடத்திக் கூட்டிப்போகலாம், சூப் ஊட்டலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். படுக்கையில் இருந்தது அவளுக்கு நாலாம் வகுப்பு எடுத்த டீச்சர். டீச்சரை மிரட்டி இருமவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் இன்னொரு நர்ஸ் முரியல் அதே மாதிரி வந்தாள். அப்புறம் லீவில் இருந்தவர்கள், போன வருடம் ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோரும் முறை வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தோம். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டில் படுத்துவிட்டார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் கேட்காமலே சட்டியும் பானையுமாக வந்து நிற்பார்களே, அதே பழக்கம்தான்.

எண்ணிக்கை எடுக்க ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தாய் அல்லவா, அவள் முரியலைப் பார்த்து நீங்கள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டிருக்கிறாள். "இந்த வார்டுல எனக்குச் சொந்தமில்லாதவங்க யாருன்னு நீ சொல்லும்மா, அவங்க பக்கம் நான் போகல" என்றாளாம் முரியல். அதில் பொய்யும் இல்லை, அவள் அம்மா வழியில் பாதி ஊர் சொந்தம். அந்தப் பெண்ணும் உறவினர் வருகை என்று எழுதிக்கொண்டாள். இப்போது உன் கட்டுரையில், இந்தச் சமூகத்தில் குடும்ப ஆதரவு பலமாக இருக்கிறது என்று அழகாக ஒரு வரி. எஃபி, அந்தக் குடும்பம் நாங்கள்தான். சம்பளமில்லாத, கால் வீங்கிப்போன குடும்பம்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அங்கிருந்து கத்தாதே. சொல்ல வேண்டிய விஷயமாக எங்களுக்குத் தோன்றவில்லை. நீ பார்த்தது ஆய்வு, நாங்கள் பார்த்தது படுக்கையில் கிடந்த ஆட்களை. அதோடு, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாலும் நர்ஸ் நர்ஸ்தான். வேலை நேரத்துக்கு வெளியே நோயாளி மேல் கை வைத்தோம் என்று தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மார்ச்சில் உன் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். பழையபடி நான்கு வந்துவிடும் என்று நம்பி நாங்களும் வருவதை நிறுத்தினோம். தெரேசா ஆனுக்கு முதுகு போய்விட்டது. முரியலின் வீட்டுக்காரர், "நான் கப்பல் வேலைக்குப் போன காலத்துலகூட உன்ன இதவிட அதிகமாப் பார்த்தேன்" என்று அவளோடு சண்டை பிடித்தார். ஆனால் நான்கு வரவில்லை. எங்கள் நிர்வாகி லோர்ன் பெவெரில், முடிவு தெரியும்வரை தற்காலிகமாக ஆறே இருக்கட்டும் என்றார். போன வாரம் முடிவு தெரிந்துவிட்டது. அக்டோபர் முதல் அது நிரந்தரம் என்று அறிவித்தார். அறிவித்ததோடு விட்டாரா? கேக் வாங்கி வந்தார். மேலே கிரீமில் எங்கள் வார்டின் பெயர். நீங்கள் எல்லோரும் செய்து காட்டிவிட்டீர்கள் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவரே வெட்டிக் கொடுத்தார். முரியல் தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் தின்றேன், எஃபி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் ஆங்கஸ் பர்க். ஜூன் மாதம் போனில் அவரைப் பற்றி உன்னிடம் அழுதேன், ஞாபகம் இருக்கும். நம் இருவரையும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன அதே ஆங்கஸ்தான். குடல் ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது, சர்ஜன் விசிலடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு என் ஆறு பேரில் ஒருவருக்கு ரத்தம் நிற்கவில்லை, இன்னொருவர் புத்தி தடுமாறிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உங்களை நடக்க வைக்க இதோ வருகிறேன் என்று ஆங்கஸிடம் சொன்னேன். "போய்ட்டு வாம்மா, நான் எங்க ஓடப்போறேன்" என்றார். நான் போகவே இல்லை. மறுநாள் வேறொருத்தியின் ஆறு பேரில் அவரும் ஒருவர், அவளும் போகவில்லை. அதற்கடுத்த நாள் காய்ச்சல், பிறகு மூச்சுக் குழாய், பிறகு சவப்பெட்டி. அடக்கத்தன்று அவர் மனைவி டாலி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்தாரா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தொந்தரவு கொடுத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார்.

அதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஒரு கேஸ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா, அது தரவு இல்ல." உண்மைதான். உன் ஆய்வு மார்ச்சில் முடிந்தது, ஆங்கஸ் செத்தது மே மாதம். அவரைப் போடுவதற்கு உன் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. எனக்கும் அது புரிகிறது. புரிந்தும் அன்றைக்கு போனைச் சுவரில் வீசி அடிக்கலாம் போலிருந்தது.

இந்தக் கட்டுரையில்தான் உன் வேலை நிரந்தரமாவது தொங்குகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்றும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், அதை நிறுத்து. இல்லையென்றால் உண்மையைச் சேர்த்து எழுது. ஒரு நர்ஸ் ஆறு பேரைப் பார்க்கவில்லை, பின்னால் ஒரு கூட்டமே சம்பளமில்லாமல் உழைத்தது என்று எழுது. தெரேசா ஆன் பெயரையும் முரியல் பெயரையும் விட்டுவிடு, அவர்கள் சம்பளத்தை நம்பிக் குடும்பம் இருக்கிறது. தெரேசா ஆன் என்னிடம் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டாள். என் பெயரைப் போட்டுக்கொள். லைசென்சைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறேன், அங்கே நாற்காலியாவது கொடுக்கிறார்கள்.

இனி அப்பா விஷயம். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், அக்டோபர் இரண்டாவது வாரம், எங்கள் வார்டில்தான். கட்டி சின்னதுதான், குடலில் ஒரு துண்டை வெட்டித் தைத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். அவருக்குப் பயம் அப்பாவின் நுரையீரல். முப்பது வருடம் சுரங்கத்தில் இழுத்த தூசி சும்மா இருக்குமா? மூச்சை இழுத்தால் உள்ளே பந்து மேலே ஏறுகிற அந்த பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்து இப்போதிருந்தே பழகச் சொன்னார்கள். அப்பா இரண்டு தடவை இழுத்துவிட்டு, இது குழந்தை விளையாட்டு என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார். பக்கத்தில் நின்று ஒருத்தி மல்லுக்கட்டினால்தான் இவர் இழுப்பார், எழுவார், நடப்பார். இல்லையென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார், யாரையும் கூப்பிடமாட்டார். அவர் குணம் உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தேதியைச் சொன்னதும் உன் குரல் மாறிவிட்டது. உன் படிப்பெல்லாம் எங்கோ போய், சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து என் படுக்கைக்கு ஓடிவருவாயே, அந்தக் குரல் வந்தது. "அக்கா, அப்பாவ ஆறுல ஒருத்தரா மட்டும் விட்டுடாத. நீ பக்கத்துலயே இரு" என்றாய். நானும் சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்புறம்தான், கேட்டது யார் என்று உறைத்தது.

உன் கட்டுரையை உன்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இந்த உலகத்தில் யாருமில்லை. அதை நீ நம்பியிருந்தால் என்னிடம் கேட்டிருக்கமாட்டாய்.

நான் பக்கத்தில் இருப்பேன், கவலைப்படாதே. சொந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள எனக்கு டியூட்டி போடமாட்டார்கள், ஒரு வாரம் லீவு போட்டு நாற்காலியில் உட்காருவேன். திட்டித் திட்டி இருமவைப்பேன். நான் லீவு என்றால் எனக்குப் பதில் ஆள் கிடையாது. அந்த வாரம் வார்டில் யாராவது ஒருத்திக்கு ஏழு பேர் வரும். அந்த ஏழாவது மனிதர் யார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எங்கோ ஒரு வீட்டில் தன் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் தூரத்தில் ஒரு மகள் இருப்பாள், அவளுக்கு இங்கே ஒரு நர்ஸ் அக்கா இருக்கமாட்டாள்.

என் தங்கை நல்லவள், புத்திசாலி. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்னதை ஒரு திங்கட்கிழமை தன் குழுவுக்கும் எங்கள் நிர்வாகிக்கும் சொல்வதற்கு வேண்டிய தைரியத்தைக் கடவுள் அவளுக்குக் கொடுக்கட்டும்.

கோபம் தீராத,
உன் அக்கா
ரொடீனா