ஏகமனதாக என்று எழுதச் சொன்னேன், தவம்

என் அன்பு மச்சான் தவத்துக்கு,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இரண்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையில் எழும்புகிறேன், பல் துலக்குகிறேன், தேத்தண்ணி குடிக்கிறேன். சீனி போட்டதா போடாததா என்று குடித்து முடித்த பிறகும் தெரிவதில்லை. அன்று கீரிமலைக் கடற்கரையில் எல்லாரும் அழுதபோது நான் ஐயருக்குக் கொடுக்க வேண்டிய சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

உனக்கு எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். எங்கிருந்து தொடங்குவது? எங்கள் ஐஸ் கொம்பனியிலிருந்தே தொடங்குகிறேன். வேறு எதை எழுதினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

போரால் இடம்பெயர்ந்த சனம் மயிலிட்டிக்குத் திரும்பி வந்து, வள்ளங்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அந்தக் கொம்பனியைத் தொடங்கினோம். நிர்வாகத்துக்கு ஏழு பணிப்பாளர்கள். நான் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்து இளைப்பாறியவன் என்பதால் என்னைத் தலைவராக்கினார்கள். உன்னைச் சபைக்குள் கொண்டுவந்ததும் நான்தான். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். நீ என் தங்கச்சி வசந்தியின் புருஷன். நான் கை தூக்கினால் நீயும் தூக்குவாய் என்று நினைத்தேன்.

மற்றவர்களையும் அப்படித்தான் பிடித்தேன். ஊரில் மதிப்பானவர்கள், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் இருப்பவர்கள், எனக்கு எதிராகக் கதைக்காதவர்கள். எங்கள் கூட்டங்கள் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதில் எனக்குப் பெருமை. மேசையில் றோல்சும் தேத்தண்ணியும் வரும். மனேச்சர் வாசிப்பார், நாங்கள் தலையாட்டுவோம். அப்படித் தலையாட்டுவதற்குப் பெயர் ஒற்றுமை என்றே நானும் நம்பியிருந்தேன்.

நீ மட்டும் கேள்வி கேட்டாய். இயந்திரம் திருத்துகிற கை உன்னுடையது. சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று பார்க்காமல் உனக்கு இருப்புக் கொள்ளாது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறவன் சபையில் ஏன் இப்படி என்று வசந்தியிடம் ஒருமுறை குறைப்பட்டுமிருக்கிறேன்.

அந்தக் கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். குளிரூட்டுகிற அமோனியா வாயு ஓடும் குழாயை மாற்ற வேண்டுமென்றால் தொழிற்சாலையை மூன்று கிழமை நிறுத்த வேண்டும். மீன்படுகிற காலம்.

“இப்ப நிப்பாட்டேலாது. சீசன் முடிய மாத்துவம். அதுவரைக்கும் தாங்கும்,” என்றார் மனேச்சர்.

“தாங்கும் எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டாய்.

“மெக்கானிக் பாத்தவர்.”

“எப்ப பாத்தவர்?”

மனேச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“மச்சான், நான் நேற்றுப் போய்ப் பாத்தனான்,” என்றாய் என்னிடம். “வால்வுக்குக் கிட்ட குழாய் துருப்பிடிச்சுப் போய்க் கிடக்கு. நகத்தாலை சுரண்டக் கொட்டுது. இஞ்ச இருக்கிற ஏழு பேரிலை வேறை ஆரும் அந்த அறைக்குள்ளை போனனீங்களோ?”

மூத்த பணிப்பாளர் ஞானம் அண்ணை றோல்சைத் தட்டில் வைத்துவிட்டு விரலைத் துடைத்தார். நான் போனதில்லை, தவம். தலைவராக இருந்த அத்தனை வருடத்தில் திறப்பு விழாவன்று குத்துவிளக்குக் கொளுத்தியதோடு சரி.

“வள்ளக்காரர் ஐஸுக்கு வந்து நிக்கேக்கை நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறதோ?” என்றேன். “உன்ரை கதையைப் பிறகு கதைப்பம்.”

“பிறகு எண்டா எப்ப?”

சீசன் முடிய மாற்றலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னேன். ஆறு கைகள். நீ இரண்டு கையையும் மேசையில் வைத்தபடி இருந்தாய். “எனக்கு இதிலை சம்மதமில்லை எண்டு எழுதச் சொல்லு மச்சான்,” என்றாய். கூட்டக் குறிப்பு எழுதுகிற கௌரி பேனையோடு என்னைப் பார்த்தாள்.

“அதெல்லாம் எழுதத் தேவையில்லைப் பிள்ளை. ஏகமனதாக எண்டு போடும்.”

நீ சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்து, “ஏறு, கொண்டுபோய் விடுறன்,” என்றாய். வழியில் வசந்தியின் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தாய். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன்.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஒன்பதரைக்குக் குழாய் வெடித்தது. உன் பட்டறை பக்கத்துக் காணி. உள்ளே இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நீ துவாயை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு போனாயாம். ஒருவரை இழுத்து வந்தாய். மற்றவரையும் இழுத்து வந்தாய். பிறகு வால்வைப் பூட்டவென்று மூன்றாம் தரமும் போனாய். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சபையில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

வாயு நெஞ்சுக்குள் போய், சாகும்வரை ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மூச்சுக்குக் குழாய் போட்டிருந்ததால் உன்னால் கதைக்க முடியவில்லை. நான் கட்டிலருகே நின்றபோது நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். கோபமா? என்னை அடையாளம் தெரிந்ததா? அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வெளியே எடுத்த இருவரும் பிழைத்துவிட்டார்கள். ஒருவருக்குக் கண் இன்னும் சிவந்திருக்கிறது. மற்றவர் வேலைக்கு வந்துவிட்டார்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். விசாரணைக்கு வந்த அதிகாரி கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். அதில் ஏகமனதாக என்று இருந்தது. ஏழு பெயர்களில் உன் பெயரும் இருந்தது. அந்தக் கடதாசியின் பிரதி எப்படியோ வசந்தியின் கைக்குப் போய்விட்டது. அவள் அதைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“அண்ணை, இவரும் ஓமெண்டு சொன்னவரோ? வீட்டிலை வந்து வேண்டாமெண்டு சொன்னனான் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர். எனக்குப் பொய்யோ சொன்னவர்?”

தவம், அந்த வாசலில்தான் நான் செய்தது என்ன என்று எனக்கு விளங்கியது. நீ செத்தது போதாதென்று உன் வாயையும் பொய்யாக்கியிருந்தேன். “இல்லை. அவன் உண்மைதான் சொன்னவன். நான்தான் மாத்தி எழுதுவிச்சனான்,” என்றேன். அவள் கடதாசியை நான்காக மடித்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த நாளே சபையைக் கூட்டினேன். உன் கதிரையை யாரோ சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். குறிப்புப் பிழை, அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

“உமக்கென்ன விசரோ?” என்றார் ஞானம் அண்ணை. “செத்தவனுக்கு இனி என்ன வரப்போகுது? இருக்கிற நாங்கள்தான் மாட்டுவம்.”

“ஏன் மாத்தி எழுதினனீர் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது, சேர்?” என்றாள் கௌரி.

“நான் சொல்லித்தான் எழுதினனீர் எண்டு சொல்லும். அதுதான் உண்மை,” என்றேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னது, நான் மறித்தது, நாங்கள் ஒருவரும் அறைக்குள் போய்ப் பாராதது, எல்லாம். கையெழுத்துப் போடும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. வழக்கு வரும் என்கிறார் சட்டத்தரணி. மூன்று பணிப்பாளர்கள் என்னோடு கதைப்பதில்லை. ஞானம் அண்ணை சந்தியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்.

தலைவர் பதவியை விட்டேன். சபையையே விட்டுப் போகிறேன் என்று பங்குதாரர்கள் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து வசந்தி எழும்பினாள். வெள்ளைச் சீலை உடுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், உனக்குத் தெரிந்திருக்காது. அன்று பச்சைச் சீலை.

“அவர் போகக் கூடாது,” என்றாள். “போனா லேசு. இருந்து பதில் சொல்லட்டும்.”

இருக்கிறேன். அவளையும் உன் இடத்துக்குத் தெரிவு செய்தார்கள். சனம் இரங்கித்தான் வாக்குப் போட்டது என்று சிலர் கதைத்தார்கள். முதல் கூட்டத்தில் மனேச்சர் வாசித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மனேச்சரிடம் கேட்டாள்: “அந்த அறைக்கு ஏன் ஒரு வாசல்தான்?”

இத்தனை வருடம் எங்களில் ஒருவருக்கும் அது கேள்வியாகத் தோன்றவில்லை. அன்றைக்குக் கூட்டம் மூன்று மணித்தியாலம் போனது. எழும்பி எல்லாரும் அறைக்கே போய்ப் பார்த்தோம். புதுக் குழாய் போட்டு முடியும்வரை தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. வள்ளக்காரர் ஏசினார்கள், காங்கேசன்துறையிலிருந்து ஐஸ் ஏற்றினார்கள், திரும்பவும் எங்களிடம் வந்தார்கள். நான் பயந்தது அவ்வளவுதான். இப்போது வடக்குச் சுவரில் இரண்டாவது வாசல் வெட்டுகிறார்கள்.

நல்ல சபை எதுவென்று இந்த வயதில் கொஞ்சம் விளங்குகிறது. கெட்டிக்காரர்கள் ஏழு பேர் இருந்தும் எங்களுக்கு உதவவில்லை. ‘எனக்கு விளங்கவில்லை’ என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒருவன் வேண்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கிற தலைவன் வேண்டும். முதலாவது எங்களிடம் இருந்தது, மச்சான்.

வசந்தி இன்னும் என் வீட்டில் பச்சைத்தண்ணி குடிப்பதில்லை. சபையில் என்னை அண்ணை என்பதில்லை, பாலன் என்கிறாள். பிழையில்லை. அங்கே நான் அவளுக்கு அண்ணன் இல்லை, பதில் சொல்ல வேண்டியவன்.

வழக்குக் கூப்பிடுகிற அன்று போவேன். எனக்காகச் சட்டத்தரணி சாட்டுச் சொல்ல விடமாட்டேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் உன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி என் வாயால் சொல்வேன். அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டாலும் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
பாலன்