பில் கவுண்டரில் நீ உட்கார்ந்த சனிக்கிழமை

இன்று தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விட்டாய் என்பதை ஒரு கணம் மறந்து, உன்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன்.

ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாம் சேர்ந்து எழுதிய பில் மென்பொருளை இப்படியொரு கடையில்தான் முதலில் போட்டோம். தீபாவளி நெருங்கும்போது கடை முதலாளி போன் செய்தார். "எங்க கடைப் பிள்ளைக கையாலயே பில் எழுதுறோம்னு நிக்குதுக. உங்க மிஷினை எடுத்துட்டுப் போயிருங்க." எடுத்தால் நம் வேலையும் போய்விடும். எனக்கோ கோபம். கணக்கில் ஒரு பைசா தப்பாதே, வேறென்ன வேண்டும் இவர்களுக்கு?

"வாடீ, நாமளே போய் பில் போட்டுப் பாப்போம்" என்றாய்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நீயே கவுண்டரில் உட்கார்ந்தாய். வழக்கமாக அங்கே பில் போடும் செல்வி உன் பின்னால் நின்றாள். அவசரத்தில் விலைக்கு முன்பே அளவைத் தட்டிவிட்டாய். மிஷின் 'பீப்' என்று கத்தியது. திரையில் கொட்டை எழுத்தில், சிவப்பாக: 'தவறான உள்ளீடு!' வரிசையே உன்னைப் பார்த்தது.

"ஏம்மா, வேலை தெரிஞ்சவங்களா உக்கார வைக்கக் கூடாதா?" என்றார் ஓர் அம்மாள்.

செல்வி குலுங்கிச் சிரித்தாள். "பாத்தியாக்கா? தெனம் எங்கள இப்டித்தான் அசிங்கப்படுத்திக்கினு கீது."

உனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடீ எழுதி வச்சிருக்கோம்! இதை ஒரு ஆளோட மூஞ்சியப் பாத்துச் சொல்லுவியா?"

ஞாயிறன்றும் அலுவலகம் போனோம். பீப்பை எடுத்தோம். எதை முதலில் தட்டினாலும் ஏற்கும்படி மாற்றினோம். சிவப்பு வாசகம் இருந்த இடத்தில், 'விலை இன்னும் போடலை' என்று சாதுவாக ஒரு வரி. திங்களன்று அதைக் கடையில் போட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்தோம். செல்வி பக்கத்துப் பெண்ணிடம் சீரியல் கதை பேசிக்கொண்டே பில்லாகப் போட்டுத் தள்ளினாள். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ என் கையைக் கிள்ளினாய். "அது இருக்கிறதையே மறந்துட்டாடீ!" வெளியே வந்து ரோஸ்மில்க் குடித்துக் கொண்டாடினோம். முதலாளி அடுத்த கிளைக்கும் கேட்டார்.

இப்போது அடையாறில் வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். திரையில் வரும் ஒவ்வொரு வாசகத்தையும் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிப் பார்க்காமல் விடுவதில்லை. போன வாரம், எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "நீங்கள் கொடுத்த தேதி செல்லாது" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார் மனிதர். "ஐயோ, நான் இன்னா பண்ணேன் மேடம்?"

அந்த வரியை அப்போதே அழித்துவிட்டேன்.