ஒரு வரியும் பொய்யில்லை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

மனு நாள். அரசு அலுவலக வளாகத்துக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல். எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். மனுவைப் பாலித்தீன் பையில் போட்டு மார்போடு அணைத்தபடி மழையில் நின்ற கூட்டம். மோப்ப நாய் மாடிப்படி ஏற மறுத்தது. ஈரத்தில் வழுக்கியிருக்கும்.

கூட்டத்தில் ஒரு பெரியவர்: "நாய்க்கே இந்த ஆபீஸ் படி ஏற அலுப்பா இருக்கு பாரு. நாம எத்தன வருசமா ஏறுறோம்!" காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் சிரித்துவிட்டார்.

ஒன்றும் கிடைக்கவில்லை, வழக்கம்போல. பள்ளிக்கூடம், கோயில், ரயில் நிலையம் என்று இப்போது எல்லா ஊரிலும் இதுதான். அனுப்புகிறவன் எங்கோ நாற்காலியில். அலைச்சல் நாய்க்கும் நமக்கும்.

செய்தி அனுப்பியாயிற்று. ரத்த அழுத்த மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது.

ஆய்வாளர் அழைத்தார். பல வருடப் பழக்கம். அவர் பெயர் இங்கேயும் வேண்டாம். மிரட்டல் வந்த மின்னஞ்சல் முகவரி பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் பெயரில் இருக்கிறதாம். செல்லதுரை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்துக்காக அதைத் தொடங்கிக் கொடுத்தவர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை நடத்தும் இளைஞர். முகவரியோடு இணைத்திருக்கும் போன் எண்ணும் அந்த இளைஞருடையது. அழைத்துப்போய் விசாரிக்கிறார்கள்.

"அண்ணன் ஒருத்தன் சார்ஜாவுல இருக்கான் சார். சும்மா தகவலுக்குச் சொல்றேன்" என்றார்.

"வெளிநாட்டுத் தொடர்பு இருக்கான்னும் பாக்குறீங்களா?"

"எல்லாக் கோணத்துலயும்தான் சார் பாப்போம்."

எழுதினேன். பெயர், வயது, தகப்பனார் பெயர், கடையின் பெயர், தெரு. கடைசிப் பத்தி: அவருடைய சகோதரர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார், வெளிநாட்டுத் தொடர்பு உள்ளதா என்ற கோணத்திலும் விசாரணை நடப்பதாகப் போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன.

நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிரதியைப் போட்டேன். மாவட்டத்தில் இதுதான் நடைமுறை. ஒருவர் போய் விசாரித்து எழுதுவார்; மற்றவர்கள் முதல் பத்தியை மட்டும் மாற்றி அவரவர் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். "அண்ணே போட்டா செக் பண்ணவே வேணாம்" என்று ஒருவன். கும்பிடும் கைகள் நாலைந்து. மனசுக்கு நிறைவாக இருந்தது.

மாத்திரை வாங்கினேன்.

நவம்பர் 6, வியாழன்

மாவட்டப் பதிப்பில் முதல் பக்கம்.

இட்லி வைத்துவிட்டுக் கமலா சத்தமாகப் படித்தாள். கடைசிப் பத்தியில் நின்றாள்.

"ஏங்க, அந்தப் பையனோட அண்ணன் சார்ஜாவுல இருக்குறதுக்கும் இந்த மெயிலுக்கும் என்ன?"

"விசாரணைக் கோணம்."

"நம்ம மாப்பிள்ளை குவைத்துலதானே இருக்காரு?"

இட்லி இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நான்கு சாப்பிட்டேன். அவள்தான் எழுந்து போனாள்.

மற்ற பத்திரிகைகளைக் கடையில் நின்று புரட்டினேன். எல்லாவற்றிலும் என் வாக்கியங்கள். ஒன்றில் கடைசிப் பத்தி முதல் பத்தியாக ஏறியிருந்தது. தலைப்பில் ஒரு கேள்விக்குறி: வெளிநாட்டுச் சதியா? மதியம் ஒரு யூட்யூப் சேனலில் அந்த இளைஞரின் படம், முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். முகநூலிலிருந்து எடுத்து வெட்டியது. தோளில் ஒரு குழந்தையின் கை மட்டும் மிச்சம்.

கடைக்கோ வீட்டுக்கோ நான் போன் செய்யவில்லை. நேற்று அது தோன்றவே இல்லை.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். முழங்கால் வலி.

ஆய்வாளரிடமிருந்து அழைப்பு, சாதாரணக் குரலில். "அந்த ஜெராக்ஸ் கடைப் பையன் இல்ல சார். நேத்தே அனுப்பிட்டோம்."

நடந்தது இதுதான் என்கிறார். பயிர்க் காப்பீட்டுப் பருவத்தில் கடைக்கு வருகிறவர்களிடம் மின்னஞ்சல் இருக்காது. இந்த இளைஞரே ஆளுக்கொன்று தொடங்கிக் கொடுப்பார். சிலரிடம் போனும் இருக்காது என்பதால் தன் எண்ணையே போட்டுவிடுவார். மறந்துபோய்த் திரும்ப வருவார்களே என்று எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்: ஊர்ப் பெயரும் பின்கோடும். எங்கோ இருக்கும் ஒருவன், திருட்டுப்போன முகவரிகளை மொத்தமாக விற்கும் இடத்தில் செல்லதுரையின் முகவரியை வாங்கி, உள்ளே நுழைந்து மிரட்டலை அனுப்பியிருக்கிறான். எந்த நாடு என்பதே இன்னும் தெரியவில்லை.

"எழுதட்டுமா?"

"என் பேரப் போட்றாதீங்க. வழக்கு இருக்குல்ல. அபிஷியலா எதுவும் சொல்ல முடியாது."

புதன்கிழமையும் அவர் அபிஷியலாக எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பாபநாசம் போய் வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் இருக்கை. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கிறது. மழை இன்னும் இரண்டு நாள் விடாமல் அடித்தால் முழுகும். அதற்குத்தான் காப்பீடு. கடைசித் தேதி நெருங்குகிறது.

கடை பாதி ஷட்டரில். அந்த இளைஞரை இனி நி. என்றே குறிக்கிறேன். முழுப் பெயரை ஒருமுறை எழுதியதே போதும்.

யாரென்று சொன்னேன். ஒரு கணம் பார்த்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். டீ சொல்றேன்."

ஒரு திட்டாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். டீ வந்தது. சர்க்கரை போடலாமா என்று வேறு கேட்டார்.

அங்கேயே இன்னொருவர், கையில் கிராம அலுவலர் கொடுத்த அடங்கல், பயிர்ச் சான்று. அவர்தான் செல்லதுரை.

"நாந்தாங்க குண்டு வச்சவன்" என்றார் என்னிடம். "வேப்பம் புண்ணாக்கு வக்கவே ஆள் கெடைக்கல, இதுல குண்டு. போலீசு வந்து மெயில் அனுப்புனியான்னுது. நான் மெயில் ரயிலுன்னு நெனச்சு, டிக்கெட் எடுத்துத்தாங்க போனேன்னேன்."

நி. சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எங்க தம்பிய ரெண்டு நாளு வச்சிட்டாங்க" என்றார் செல்லதுரை. "என் பேரையும் பேப்பர்ல போட்டிருந்தாங்க. என்னை ஏமாந்தவன்னு போட்டாங்க. இந்தத் தம்பியத் தீவிரவாதின்னு போட்டாங்க."

"தீவிரவாதின்னு போடலீங்க" என்றேன்.

"அப்படியா?" என்றார். "படிச்சவங்க எல்லாம் அப்படித்தான் படிச்சுக் காட்டுனாங்க."

கட்டட உரிமையாளர் எதிர்ச்சாரியில் உரக்கடை வைத்திருக்கிறார். மாத முடிவுக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். நான் போய்ப் பேசினேன்.

"எனக்கு அந்தப் புள்ளைமேல ஒரு வருத்தமும் இல்ல சார். அதோட அத்தா காலத்துல இருந்து பழக்கம். ஆனா பேப்பர்ல வந்துட்டுது. நாளைக்கு என் கட்டடத்தையும் போட்டோ எடுத்துப் போடுவீங்க. அதே பேப்பர்ல, இந்தப் புள்ள மேல ஒண்ணுமில்லன்னு வரட்டும். கடை அது பாட்டுக்கு இருக்கட்டும்."

திரும்பி வந்து நி.யிடம் சொன்னேன். எழுதுகிறேன் என்றேன்.

"அதே அளவுல வருமா சார்?" என்றார்.

டீக்கு என்னைக் கொடுக்க விடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

மனு நாள். இன்று மிரட்டல் இல்லை. மழை உண்டு.

திருச்சி டெஸ்க்கில் செய்திப் பொறுப்பு சேகர். என்னிடம் பயிற்சி எடுத்தவர். மறுப்பு போட வேண்டும் என்றேன்.

"எந்த வரி சார் தப்பு? சொல்லுங்க, நாளைக்கே திருத்தம் போட்டுடறேன்."

செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். விசாரித்தார்கள்: உண்மை. முகவரி தொடங்கியவர் அவர்: உண்மை. போன் எண்: உண்மை. அண்ணன் வளைகுடாவில்: உண்மை. அந்தக் கோணத்திலும் விசாரணை: ஆய்வாளர் சொன்னார். கேட்டது நான்தான். அவர் ஆமாம் என்றார்.

"ஒரு வரியும் தப்பில்ல" என்றேன்.

"அப்புறம் எதைத் திருத்துறது?"

"விடுவிச்சிட்டாங்கன்னு புதுச் செய்தி போடலாம். அவர் நிரபராதி."

"யாரு சொன்னது?"

"போலீஸ் வட்டாரங்கள்."

"சார், அதுக்கு ஒரு அதிகாரி பேரு வேணும். நாளைக்கு வழக்குல வேற மாதிரி ஆச்சுன்னா?"

"போன தடவை வட்டாரங்கள்னு போட்டப்போ பேரு கேக்கலையே."

"அது விசாரிக்கிறாங்கன்னு சொன்னது சார். இது குத்தமில்லன்னு சொல்றது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

நாள் முழுதும் எழுதினேன். ஊர் ஊராகக் கடைகளில் மின்னஞ்சல் எப்படித் தொடங்கித் தரப்படுகிறது, ஒரே கடவுச்சொல் எப்படித் திருடனுக்கு வாசல் திறக்கிறது. ஒரு பத்தி முழுக்க நி. பற்றி: போலீஸ் அவரை விடுவித்தது, மிரட்டல் வெளியிலிருந்து வந்தது, அவரும் ஏமாற்றப்பட்டவர். பெயர் போடலாமா என்று அவரிடமே போனில் கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"பேரு போட்டாத்தானே சார் கட்டடக்காரரு நம்புவாரு?"

கமலா படித்துப் பார்த்தாள். "இது நல்லாருக்கு" என்றாள். வியாழனுக்குப் பிறகு அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது இன்றுதான். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

நவம்பர் 12, புதன்

ஆறாம் பக்கம். நான் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு. கடவுச்சொல் பகுதி முழுவதும் இடமின்மையால் போயிற்று. தலைப்பு: வெடிகுண்டு மிரட்டல் வழக்கு: கடைக்காரரிடம் விசாரணை நிறைவு. பக்கத்தில் அதே வெட்டிய படம். குழந்தையின் கை உட்பட.

கீழே டெஸ்க் சேர்த்த பின்னணிப் பத்தி. பழைய செய்தியிலிருந்து அப்படியே: அவருடைய சகோதரர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார்.

சேகரைக் கூப்பிட்டேன். "பின்னணி இல்லாம வாசகருக்குப் புரியாதே சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வாட்ஸ்அப் குழுவில் நேற்றே பிரதியைப் போட்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை. ஒருவன் மட்டும்: "அண்ணே, இது ஃபாலோ-அப்தானே?"

நவம்பர் 14, வெள்ளி

விடாத மழை. வெண்ணாற்றில் தண்ணீர் கலங்கல்.

மீண்டும் பாபநாசம். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

கடை வாசலில் லோடு ஆட்டோ. தார்ப்பாய்க்கு அடியில் கம்ப்யூட்டர், லேமினேஷன் மிஷின். செல்லதுரை பிரின்டரைச் சாக்கால் மூடி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். மாத முடிவு வரை காத்திருக்கவில்லை. எதிர்ச்சாரி உரக்கடைக்காரர் கல்லாவில் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார். நான் அங்கே நின்ற நேரம் முழுதும் தேடினார்.

"படிச்சாராம்" என்றார் நி. "திரும்பவும் போட்டோ போட்டிருக்காங்களே, அப்ப இன்னும் முடியலன்னுதானே அர்த்தம்னு கேட்டாரு சார்."

"தப்பு என்னோடது தம்பி."

"நீங்க தப்பா ஒண்ணும் எழுதலியே. பொய்யா இருந்தா இல்லன்னு சொல்லிருப்பேன். எங்க அண்ணன் சார்ஜாவுலதான் இருக்கு. அதை எப்படி இல்லன்னு சொல்றது?"

செல்லதுரை அவசரப்படுத்தினார். "தம்பி, இன்னிக்கு என் விண்ணப்பத்தை ஏத்தணும். நாளையோட முடியுது. அங்க போய் உடனே கரண்டு போட்டுடலாம்ல?"

அப்படியானால் வேறு இடம் கிடைத்திருக்கிறது. உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. வாய் பழக்கத்தில் திறந்தது.

"எங்க தம்பி, எந்தத் தெரு?"

நி. தார்ப்பாயின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். இன்னொரு முடிச்சும் போட்டார். கோபம் தெரியவில்லை.

"அது வேணாம் சார்" என்றார்.